பந்தை விட்டு ஆளைப் பார்ப்பது

கால்பந்தில் ஸ்கவுட் என்பவர் ஆட்டக்காரரைத் தேடிப் போய்ப் பார்த்து, இவர் நம் அணிக்கு ஆவாரா மாட்டாரா என்று எழுதிக் கொடுப்பவர். பயிற்சி கொடுப்பது அவர் வேலையில்லை. ஒப்பந்தம் பேசுவதும் அவர் வேலையில்லை. பார்ப்பது, எழுதுவது, மறுபடி போய்ப் பார்ப்பது, இவ்வளவுதான். மதுரையில் ஸ்கவுட் என்று சொன்னால் காக்கி உடுப்பும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாகச் சாரணர் இயக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனாலேயோ என்னவோ, இந்த வேலைக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. மைதானத்தில் புழங்குவது ஒரே ஒரு வாக்கியம்: "ஆள் எடுக்க வந்திருக்காங்க."

பெயர்தான் இல்லை, வேலை பழையது. சென்னை லீக்கில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை என்று அலுவலக அணிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டில் யாரை வேலைக்கு எடுப்பது என்று பார்த்துவர ஒருவர் போவார். பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர். பகலில் கவுண்டரிலோ பணிமனையிலோ வேலை, மாலையில் கேலரியின் ஓரத்தில் ஒரு இடம். அவர் பார்வை கூர்மையாக இருந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. இன்றைய கிளப் தவறான ஆளை எடுத்தால் அடுத்த சீசனில் விடுவித்துவிடும். அன்று தவறான ஆளை எடுத்தால் அவர் பணி ஓய்வு பெறும்வரை பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்திருப்பார்.

கேரளத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. திருச்சூர் நகராட்சி மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயனை, 17 வயதில் கேரளக் காவல்துறை அணிக்குள் கொண்டுவந்தவர் அப்போதைய காவல்துறைத் தலைவர் எம்.கே. ஜோசப். சோடா விற்கும் பையனின் காலில் இருந்ததை மைதானத்தில் ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். அதை வேலையாகவும் சீருடையாகவும் மாற்றத் தெரிந்தவர் ஒருவர்தான். கண்டுபிடிப்பது என்பதில் இந்த இரண்டாவது பாதியும் சேர்த்தி.

புதிதாக இந்த வேலைக்கு வர நினைக்கும் ஒருவர், மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் இருந்துகொண்டு இரவெல்லாம் பிரீமியர் லீக் பார்க்கும் இருபத்திரண்டு வயதுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம், முதலில் தேடுவது சான்றிதழை. அதுவும் இருக்கிறது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் திறன் கண்டறிதலுக்கென்றே படிப்படியாக வகுப்புகள் நடத்துகிறது. இணையத்தில் படித்து முடிக்கக்கூடிய தனியார் படிப்புகளும் உண்டு. இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸில் தொடங்கும் பயிற்சியாளர் படிப்புகள் இருக்கின்றன. பயிற்சியாளராக விருப்பமில்லாதவர்கூட முதல் படியைப் படித்து வைத்தால் பேச்சு புரியும். ஆனால் இவையெல்லாம் எதைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலைத்தான் கொடுக்கும். அயாக்ஸ் கிளப் பிரபலமாக்கிய நான்கு அளவுகோல்கள் (பந்துத் திறன், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம்) எந்த வகுப்பிலும் முதல் நாளே வந்துவிடும். எதைப் பார்க்காமல் விட வேண்டும் என்பதைப் பட்டியலில் எழுத முடியாது. அதற்குத்தான் அனுபவசாலி வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த அனுபவசாலிகள் இருக்கும் இடங்களைச் சொல்லிவிடலாம். வட சென்னையில் வியாசர்பாடி. 1990களின் பிற்பகுதியில் உமாபதி, தங்கராஜ் என்ற இரு நண்பர்கள் அந்தப் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைப்பதற்காகத் தொடங்கிய அமைப்பு, பந்தைக் காட்டிப் பாடத்துக்கு இழுத்தது. அந்த வியாசர்பாடியிலிருந்துதான் தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். நந்தகுமார் சேகர் ஈஸ்ட் பெங்கால் வரை போய், 2023 ஆகஸ்ட் 12 அன்று டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்துக் கொல்கத்தாவின் பாதி ஊரைத் தூங்கவிடாமல் செய்தார். தெற்கே கன்னியாகுமரிக் கடற்கரை: தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று அடுத்தடுத்த மீனவ ஊர்கள். மணலில் ஓடிப் பழகிய கால்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணி வழியாக ஜாம்ஷெட்பூர், பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே. என்று போனார். கிழக்கே கடலூர்: இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமியில் பயிற்சியாளர் மாரியப்பன் உருவாக்கிய பெண்கள். இந்துமதி கதிரேசனும் பண்ருட்டி சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிவரை போன கடலூர் மாவட்டத்துப் பெண்கள். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் போட்டியின் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றபோது, விஷயம் தெரிந்தவர்கள் கடலூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மதுரையின் பங்கு பெண்கள் கால்பந்தில்தான் பெரிது என்பது மதுரைக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது. 2016இல் தொடங்கப்பட்ட சேது எஃப்.சி. மதுரையின் கிளப். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த அணியின் ஆட்கள் பட்டியலே ஒரு ஸ்கவுட்டிங் பாடம். கடலூரிலிருந்து இந்துமதி, பண்ருட்டியிலிருந்து சந்தியா, மணிப்பூரிலிருந்து டாங்மெய் கிரேஸ், நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரி. ஒரு மாநில எல்லைக்குள் நின்று பார்த்தவர்கள் சேர்த்த அணி இல்லை அது. எந்த ஊரில் எந்த இடத்துக்கான ஆட்டக்காரர் விளைவார் என்று தெரிந்தவர்கள் சேர்த்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஆண்கள் ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணியும் இப்படித்தான். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ போன்ற ஸ்பெயின் கீழ்நிலை லீக் ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம், எட்வின் சிட்னி வன்ஸ்பால், அஜித் குமார் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் மறுபக்கம். கோவை நேரு ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டத்தை வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் தாண்டினார்கள். பெரிய பெயர்களை வாங்கப் பணமில்லாத கிளப்புக்குக் கண்தான் முதலீடு.

ஆனால் புதியவர் முதலில் போக வேண்டிய இடம் இந்தக் கிளப்புகளின் வாசலில்லை. பள்ளியின் பி.டி. சாரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போகும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. குறுவட்ட ஆட்டத்தில் கூட்டம் இருக்காது, கேமரா இருக்காது. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருக்கும். ஆனால் ஒரு பகுதியில் பந்து தொடும் அத்தனை பிள்ளைகளும் ஒரே இடத்துக்கு வருவது அங்கேதான். இருபது வருடமாக அணி கூட்டிக்கொண்டு வரும் உடற்கல்வி ஆசிரியருக்கு, எதிரணிப் பையனின் அண்ணன் எட்டு வருடத்துக்கு முன்னால் எப்படி ஆடினான், ஏன் நிறுத்தினான் என்பதுவரை தெரியும். எந்தத் தரவுத் தளத்திலும் இது கிடைக்காது.

அந்த மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் கிடைப்பது ஒரு அதட்டல். "பந்து எங்கயும் போயிராது தம்பி, பையன் எங்க நிக்கிறான்னு பாரு." கால்பந்துப் பாடத்தின் அரிச்சுவடி இதுதான். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவரின் கண் பந்தோடு ஓடும், ஏனென்றால் கேமரா அப்படித்தான் பழக்கியிருக்கிறது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு ஆட்டக்காரரின் காலில் பந்து இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மிச்ச நேரம் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்பதை மைதானத்தில் இருப்பவரால் மட்டுமே பார்க்க முடியும். பந்து வருவதற்கு முன் தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாரா? சக ஆட்டக்காரர் மாட்டிக்கொண்டால் பாஸ் வாங்க ஓடி வருகிறாரா, கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறாரா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று விநாடி என்ன செய்கிறார்? தலையில் கைவைத்து நிற்பவரும் உண்டு, பறித்தவனைத் துரத்துபவரும் உண்டு. பழைய ஆட்கள் அந்த மூன்று விநாடியில்தான் பாதி முடிவை எடுக்கிறார்கள்.

அடுத்தது கோல். நான்கு கோல் போட்ட பையனின் பெயரைப் புதியவர் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்வார். அனுபவசாலி எதிரணியின் கோல் கீப்பரைப் பார்ப்பார், அவர் வழக்கமான கீப்பரா, ஆள் குறைந்ததற்காகக் கிளவுஸ் மாட்டிவிட்டவரா என்று கேட்பார். தோற்ற அணியின் பேக் ஒருவரை அன்று முழுக்கக் கவனித்திருப்பார். 0-6 என்று தோற்கும் அணியில் கடைசி நிமிடம்வரை ஆஃப்சைடு கோட்டை ஒழுங்காகப் பிடித்து நிற்கும் பையனைக் கண்டுபிடிப்பதற்கு ஸ்கோர் தெரியாமல் இருந்தால்கூட நல்லது.

மைதானமும் ஏமாற்றும். மதுரைச் சமவெளியின் பள்ளி மைதானங்கள் வெயிலில் காய்ந்து கட்டாந்தரையாக இருக்கும். பந்து தாறுமாறாக எழும்பும். அங்கே ஒரு பையனுக்கு ஃபர்ஸ்ட் டச் சரியில்லை என்று எழுதுவது பாதி நேரம் தரையைப் பற்றிய குறிப்பு. அதே பையன் இப்போது ஊரெங்கும் முளைத்திருக்கும் வாடகை டர்ஃபில் மிக அழகாக ஆடலாம். இன்னொருவன் டர்ஃபில் ஜொலித்து, முழு மைதானத்தில் அறுபது மீட்டர் திரும்பி ஓட வேண்டியபோது காணாமல் போகலாம். கன்னியாகுமரிக் கடற்கரையில் மணலில் ஆடுகிறவனைப் புல்தரையில் ஒருமுறை பார்க்காமல் அவனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆக, ஒருவனை ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டக் கூடாது. குறைந்தது மூன்று ஆட்டம், முடிந்தால் மூன்று வகைத் தரை, ஒன்றாவது வெளியூர் ஆட்டமாக இருக்கட்டும் என்பது பல பயிற்சியாளர்களின் கணக்கு.

இடமும் மாறும். பீட்டர் தங்கராஜ் 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. அந்த உயரத்தையும் நீளமான கையையும் பார்த்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியதால்தான் இந்தியாவுக்கு அதன் தலைசிறந்த கோல் கீப்பர் கிடைத்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கீப்பர் என்று அவரைக் கொண்டாடினார்கள். புதியவர் ஒரு பையன் இன்று ஆடும் இடத்தில் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்று பார்ப்பார். பழையவர், இவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று யோசிப்பார். பள்ளி அணியில் நல்ல ஆட்டக்காரனை எல்லோரும் முன்னால்தான் நிறுத்துவார்கள் என்பதால், தமிழ்நாட்டில் இந்த யோசனை கூடுதலாகத் தேவைப்படுகிறது. எடுத்துப் பார்த்தால் அணிக்கு அணி ஃபார்வர்டுதான் மிஞ்சும், இடது காலால் ஆடும் ஒரு பேக் கிடைக்க மாட்டார்.

வயது விஷயத்துக்கு வந்தால், மதுரையில் அதைப் புரியவைப்பது எளிது. வில்லாபுரத்தை ஒட்டிய அவனியாபுரத்தில் தை முதல் நாள் ஜல்லிக்கட்டு. ஊரின் பெரிய பேருந்து நிலையத்துக்கே மாட்டுத்தாவணி என்றுதான் பெயர், மாட்டுச் சந்தை கூடிய இடம். சந்தையில் மாடு பிடிக்கப் போகும் பெரியவர் விலை பேசுமுன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், அப்புறம் சுழி. அந்தக் கலையைப் புத்தகத்தில் படித்தவர் யாருமில்லை. தாத்தாவின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து படித்ததுதான். கால்பந்தில் பல்லுக்குப் பதில் மணிக்கட்டு. இடது கை, மணிக்கட்டு எலும்புகளின் எக்ஸ்ரேயை வைத்து வயதைக் கணக்கிடும் டி.டபிள்யூ-3 முறையும், எம்.ஆர்.ஐ. முறையும் வயது மோசடியைத் தடுக்க இந்திய விளையாட்டில் பயன்படுகின்றன. உலக அளவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் எம்.ஆர்.ஐ. பரிசோதனை உண்டு.

இது சோதனைக் கூடத்தின் வேலை. ஸ்கவுட்டின் வேலை அதற்கு முன்னால் தொடங்குகிறது. பதினான்கு வயதுப் பிரிவில் மீசை அரும்பிய பையன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போவான். அவன் வயது உண்மையாகவே பதினான்காக இருக்கலாம், சீக்கிரம் வளர்ந்தவன் அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்ததும் அவனிடம் வேறென்ன மிச்சம் இருக்கும் என்பதுதான் கேள்வி. வயதுப் பிரிவுகள் ஜனவரி முதல் தேதியை வைத்துப் பிரிக்கப்படும்போது, ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ்நாட்டில் அதில் இன்னொரு முடிச்சு இருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் மே, ஜூன் என்று கைக்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிடுவது போன தலைமுறைவரை சாதாரணம். இப்போது பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டதால் குழப்பம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அனுபவசாலிகள் பையனின் அப்பாவையும் அண்ணனையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். வீட்டில் எல்லாரும் ஆறடி என்றால் இன்றைய குட்டைப் பையனை விட்டுவிட அவசரப்பட மாட்டார்கள்.

குட்டை, ஒல்லி என்று தள்ளியதற்கு உலகக் கால்பந்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஜார்ஜ் பெஸ்டைச் சொந்த ஊரான பெல்ஃபாஸ்டின் கிளெண்டோரான் கிளப் உடம்பு போதாது என்று விட்டுவிட்டது. 1961இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் பெல்ஃபாஸ்ட் ஸ்கவுட் பாப் பிஷப், தான் ஒரு மேதையைக் கண்டுபிடித்துவிட்டதாக மேலாளர் மேட் பஸ்பிக்குத் தந்தி அடித்தார். பையனுக்குப் பதினைந்து வயது. பிஷப்பின் சிறப்பு கண் மட்டுமில்லை. அவர் அந்த ஊர்க்காரர், சிறுவர் குழுக்களை நடத்தி ஊர்ப் பிள்ளைகளோடு வருடக்கணக்கில் புழங்கியவர். வியாசர்பாடி உமாபதிக்கும் கடலூர் மாரியப்பனுக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமை அதில்தான் இருக்கிறது.

எழுதி வைப்பதில் குருவாகக் கொள்ளத்தக்கவர் லிவர்பூலின் ஜெஃப் ட்வென்டிமேன். முன்னாள் தடுப்பாட்டக்காரர், 1967இல் மேலாளர் பில் ஷாங்க்லி அவரைத் தலைமை ஸ்கவுட்டாக்கினார். பார்த்த ஆட்டத்தையெல்லாம் நோட்டில் குறித்தார், ஓரிரு வரியில். ஸ்கன்தார்ப்பிலிருந்து கெவின் கீகனைச் சுமார் 35,000 பவுண்டுக்கும், நார்தாம்டனிலிருந்து ஃபில் நீலை 66,000 பவுண்டுக்கும், செஸ்டரிலிருந்து இயன் ரஷ்ஷை 1980இல் 3,00,000 பவுண்டுக்கும் லிவர்பூல் வாங்கியது அவர் காலத்தில்தான். ரஷ் அந்தக் கிளப்புக்காக 346 கோல் போட்டார். அந்த நோட்டுகள் பிறகு ஒரு புத்தகத்துக்கே அடிப்படையாயின. அவற்றில் வேண்டாம் என்று எழுதப்பட்ட பெயர்கள்தான் அதிகம். ஸ்கவுட்டின் வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படி வேண்டாம் என்று எழுதுவதிலேயே போகும். அதற்கு மனத்தைப் பழக்கிக்கொள்ளாதவர்கள் மூன்று மாதத்தில் எல்லாப் பையன்களையும் பிடித்துப்போய், யாரையும் பரிந்துரைக்கத் தகுதியில்லாதவர்களாகிவிடுவார்கள்.

புதியவர் நோட்டில் எழுத வேண்டியவை அதிகமில்லை. தேதி, மைதானம், தரையின் நிலை, வெயிலா மழையா, எதிரணி யார், பையனின் எண், பெயர், பள்ளி, எந்த இடத்தில் ஆடினான், எந்தக் கால், எத்தனை நிமிடம் பார்த்தது. பிறகு இரண்டு அல்லது மூன்று வரி. "நல்லா ஆடுறான்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "இடது பக்கம் நெருக்கினால் வலது காலுக்கு மாற்றிக்கொள்கிறான், ஐந்து தடவையும் அப்படியே" என்று எழுதினால் பயிற்சியாளர் படித்ததும் பிடித்துக்கொள்வார்.

கற்றுக்கொள்ளும் முறையில் ஒரே ஒரு விதியை விடாமல் பிடிக்கலாம்: முதலில் எழுதிவிட்டு, பிறகு பெரியவரைக் கேட்பது. வரிசை மாறினால் எல்லாம் வீண். முதலில் கேட்டுவிட்டால் அவர் சொன்ன பையன்தான் கண்ணுக்குத் தெரிவான், புதியவரின் கண் வளரவே வளராது. ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் நோட்டைத் திறந்து, "சார், நான் ஏழாம் நம்பரையும் மூணாம் நம்பரையும் எழுதியிருக்கேன், நீங்க யாரப் பாத்தீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் அவர் இரண்டையும் விட்டுவிட்டு வேறொரு எண்ணைச் சொல்வார். ஏன் என்று கேட்கும் அந்த அரைமணி நேரம்தான் வகுப்பு. ஆறு மாதம் கழித்து அந்த மூன்று பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக் குறிப்போடு ஒப்பிடுவது தேர்வு. இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. தன் பழைய தப்புகளைத் தேதியோடு படிப்பது யாருக்கும் உவப்பான வேலையில்லை. லிவர்பூலின் பூட் ரூம் என்று புகழ்பெற்ற அறை வேறொன்றுமில்லை, பூட்ஸ் வைக்கும் சிறு அறையில் ஷாங்க்லியின் உதவியாளர்கள் உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தைப் பேசிய இடம். அங்கே பேசிப் பேசி வளர்ந்த பாப் பெய்ஸ்லியும் ஜோ ஃபேகனும் அடுத்தடுத்து மேலாளரானார்கள். டீக்கடை பெஞ்சுக்கும் அதற்கும் வசதியில் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரியவர்களை அணுகுவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. பி.டி. ஆசிரியருக்கு சார், பகுதிப் பயிற்சியாளருக்கு மாஸ்டர் அல்லது கோச், கிளப்பின் மூத்த ஆட்டக்காரருக்கு அண்ணே. முதல் நாளே "உங்ககிட்ட நல்ல பையன் யாரு இருக்கா?" என்று கேட்பவரை எல்லோரும் தரகர் என்றுதான் நினைப்பார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. வருடக்கணக்காக வளர்த்த பையனை ஒரு போன் காலில் தூக்கிக்கொண்டு போனவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அணிப் பட்டியல் எழுதிக் கொடுப்பது, தண்ணீர்க் கேன் தூக்குவது, லைன்ஸ்மேன் வராத நாளில் கொடி பிடிப்பது என்று ஒரு சீசன் கூட இருந்தவருக்குப் பேச்சு தானாக வந்து சேரும். கொடி பிடிப்பது உண்மையிலேயே நல்ல பயிற்சி. ஆஃப்சைடு பார்க்கிறவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வு இருக்கும். தடுப்பாட்டக்காரராக இருந்தவருக்கு மோதுகிறவனைப் பிடிக்கும், விங்கில் ஆடியவருக்கு ஓடுகிறவனை. தன் பள்ளி, தன் தெரு, தன் சாதி என்று கண் தானாகச் சாய்வதும் நடக்கிறது. அதைப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது. உயரத்தின் மீதான மோகம் இன்னொன்று. ஒரே ஆசானிடம் மட்டும் கற்றவர் அவருடைய குருட்டுப் புள்ளியையும் சேர்த்தே வாங்கிக்கொள்வார். அதனால் குறைந்தது மூன்று பேர் தேவை: ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு பகுதிப் பயிற்சியாளர், கிளப்பில் ஆடி முடித்த ஒருவர். பெண்கள் கால்பந்தைப் பார்க்க வருபவருக்கு நான்காவதாக ஒரு பெண் பயிற்சியாளரோ முன்னாள் ஆட்டக்காரரோ அவசியம். விடுதி பாதுகாப்பானதா, வீட்டில் யாரிடம் பேச வேண்டும், எந்த வயதில் எதனால் பெண்கள் ஆட்டத்தை விடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒரு பெண்ணின் இடது கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பத்தாம் வகுப்போடு வீட்டில் நிறுத்திவிடப் போகிறார்கள் என்றால் அந்தக் குறிப்பால் அணிக்குப் பலனில்லை.

வீடியோ இந்தச் சாய்வுகளைச் சரிபார்க்க உதவும். இத்தாலியில் 2004இல் தொடங்கிய வைஸ்கவுட் போன்ற தளங்களில் உலகின் நூற்றுக்கணக்கான லீக்குகளின் ஆட்டங்கள் கிடைக்கின்றன. தொழில்முறைக் கிளப்புகள் பயணச் செலவுக்கு முன் முதல் வடிகட்டலை அங்கேதான் செய்கின்றன. மதுரைக் குறுவட்ட ஆட்டம் அதில் வராது. கைபேசியில் எடுக்கலாம், ஆனால் எடுத்துக்கொண்டே பார்க்க முடியாது. அதோடு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அனுமதியில்லாமல் படம் எடுத்துப் பரப்புவது தவறு. பள்ளியிடமும் பெற்றோரிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வருமானம் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் முழுநேர ஸ்கவுட் வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலோர் பயிற்சியாளராகவோ ஆசிரியராகவோ இருந்துகொண்டு இதைச் செய்கிறார்கள். ஆட்டக்காரர் பணத்துக்குக் கிளப் மாறும்போது, 12 வயதிலிருந்து 23 வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் பங்கு போக வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு பதிவு செய்யப்பட்ட கிளப்புக்குத்தான், கண்டுபிடித்த தனிநபருக்கு அல்ல. பிள்ளைகளின் பெயர் அகில இந்தியச் சம்மேளனத்தின் ஆட்டக்காரர் பதிவு முறையான சி.ஆர்.எஸ்.ஸில் ஏறியிருப்பது இதனாலும் முக்கியம். தேர்வுக்குப் பணம் கேட்கிறவர், வெளிநாட்டுக் கிளப்பில் இடம் வாங்கித் தருகிறேன் என்று பதினைந்து வயதுப் பையனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர், இருவரையும் சந்தேகிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா, சில விலக்குகளைத் தவிர, தடை செய்திருக்கிறது. புதியவர் தெரியாமல் இப்படிப்பட்டவருக்குக் கைகாட்டியாகிவிடுவதும் உண்டு. எந்த மூத்த பயிற்சியாளரும் முதல் வாரத்திலேயே எச்சரிப்பது இதைப் பற்றித்தான்.

குறுவட்ட ஆட்டங்கள் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும். எந்தப் பள்ளி மைதானத்தில், எத்தனை மணிக்கு என்பதை அருகிலுள்ள பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் சொல்வார். மாவட்ட அளவிலான போட்டிகளுக்கும் விளையாட்டு விடுதித் தேர்வுகளுக்கும் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்க்கலாம். வில்லாபுரத்திலிருந்து பெரியார் நிலையம் போய் அங்கிருந்து தல்லாகுளம் பக்கம் போகும் பேருந்து பிடித்தால் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று, எழுதுகிற பேனா இரண்டு. நிழல் கிடைக்காது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.